படம் போய்ச் சேர்ந்ததா?

ஏட்டிலே எழுதியதை மற்றோர் ஏட்டிலே பெயர்த்தெழுதிப் பேணுவது நம் முன்னோரின் வழக்கம். பழைய ஏடு செல்லரித்து அழியுமுன் புதிய ஏடொன்று எழுந்துவிடும். எழுதியவர் மறைந்தபின்னும் எழுத்து நிலைபெற்றது அவ்வாறுதான். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். ஏடுகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே அப்பணியை அவர்கள் நிறைவேற்றினார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்து வைத்திராவிட்டால், அவர்கள் கைக்கு எட்டியிருக்க யாதும் இராது.

இன்று நம் வீடுகளிலே ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. தந்தைக்கு ஒரு கைத்தொலைபேசி, தாய்க்கு ஒன்று, பல்கலைக்கழகம் செல்லும் மகளுக்கு ஒரு மடிக்கணனி, பழையதென ஒதுக்கி மேசை லாச்சியிலே போட்டுவைத்த தொலைபேசிகள் இரண்டு என, ஒவ்வொரு வீட்டிலும் கருவிகள் நாலைந்துக்குக் குறைவில்லை. ஆனால், ஒன்றிலிருக்கும் படத்தை ஒரு சாண் தூரத்திலிருக்கும் மற்றொன்றிலே பழுதின்றிச் சேர்ப்பது எப்படி என்று கேட்டால், கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே விழிக்கின்றோம். பட்டம் பெற்று, பாடசாலையிலே இருபதாண்டுக்கு மேலாகப் படிப்பித்துவரும் நாமும் அவ்வாறே விழித்தோம். அதனால் நேர்ந்த இழப்பொன்றை முதலிற் சொல்லுவோம்.

எமக்கு நேர்ந்தது

எமது தந்தையார் 2022ஆம் ஆண்டு காலமானார்கள். அந்தியேட்டிக் கிரியையன்று வெளியிடுவதற்கு நினைவு மலரொன்று அச்சிட வேண்டியிருந்தது. முகப்பிலே வைப்பதற்கு நல்ல படம் வேண்டும். தந்தையாரின் இளமைக்காலப் படங்கள் யாவும் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலே வீட்டு அலுமாரியோடு போயின. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு நடந்தோமேயன்றி, அல்பத்தை எடுக்க அன்று எவருக்கும் தோன்றவில்லை. பிற்காலத்திலும் அவர்கள் படமெடுக்க இசைந்தவர்கள் அல்லர். ஒரேயொரு படத்தில் மாத்திரம் வாய்விட்டுச் சிரித்தபடி இருந்தார்கள். அது 2019இலே கனடாவிலிருந்து வந்திருந்த எமது தமையனாரின் மகள், விறாந்தையிலே எல்லாரையும் இருத்தி எடுத்த குடும்பப் படம்.

அப்படம் எம்மிடம் இருந்தது. அக்காவிடம் இருந்தது. அக்காவின் பிள்ளைகளிடமும் இருந்தது. பிள்ளை அதனை வட்ஸ்அப் மூலம் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். அதனை அச்சகத்தாருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தோம். மறுநாள் அச்சகத்தார் அழைத்தார்.

“மாஸ்ரர், படம் போனிலை பார்க்க வடிவுதான். ஐயாவின்ரை முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பிச்சால் கலங்குது. மூலப் படம் இல்லையோ?”

மூலப் படமென்றால் என்ன, எம்மிடம் இருப்பதுதானே படம் என்று அப்பொழுது எண்ணினோம். பின்னரே விளங்கியது. உடனே கனடாவுக்கு அழைத்தோம். பிள்ளை 2021இலே புதுத் தொலைபேசி வாங்கும்போது பழையதைக் கடையிலே மாற்றாகக் கொடுத்திருந்தாள். புதியதிலே இருந்ததும் வட்ஸ்அப்பிலே அனுப்பிய அதே சிறிய பிரதிதான்.

“சித்தப்பா, நான் எல்லாருக்கும் அனுப்பினனான்தானே. எல்லாரிட்டையும் இருக்குது எண்டு நினைச்சன்” என்று சொல்லி அழுதாள். அவள் மேல் குற்றமில்லை. எல்லாரிடமும் இருந்தது, எவரிடமும் இருக்கவில்லை.

மலர் அச்சாகி வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகப்பை நெடுநேரம் பார்த்திருந்தார். “இதிலை ஐயா கண் முழிச்சிருக்கிறாரோ, மூடியிருக்கிறாரோ?” என்று கேட்டார். எமக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

சுருங்கியது எவ்வாறு?

நடந்தது இதுதான். இக்காலத்துக் கைத்தொலைபேசி எடுக்கும் படமொன்றிலே பெரும்பாலும் அகலவாட்டில் 4,000, உயரவாட்டில் 3,000 என, ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் இருக்கும். தெளிவான அச்சுக்கு அங்குலம் ஒன்றுக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது அச்சகத்தார் கணக்கு. குடும்பப் படத்திலே தந்தையாரின் முகமும் மார்பும் அடங்கிய பகுதி அகலத்தில் நாலிலொரு பங்கு. மூலப் படம் இருந்திருந்தால் அப்பகுதிக்கு 1,000 புள்ளிகள் கிடைத்திருக்கும். மூன்றங்குல அகலத்திலே தெளிவாக அச்சிட அது போதும். வட்ஸ்அப்போ விரைவையும் செலவையும் கருதி, வழக்கமான முறையில் அனுப்பும் படத்தின் நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகச் சுருக்கிவிடுகின்றது. எமக்குக் கிடைத்தது 400 புள்ளிகளே. ஓரங்குலத்துக்குச் சற்று மேலே போனால் முகம் கலங்காமல் வேறென்ன செய்யும்?

2023 ஓகஸ்ட் முதல் படத்தை உயர் தரத்தில் அனுப்பும் ‘எச்.டி.’ என்னும் தெரிவும் அதிலே உண்டு. அதுவும் மூலத்தை அப்படியே அனுப்புவதன்று. குறைவாகச் சுருக்குகின்றது, அவ்வளவே. மூலத்தை மாற்றமின்றி அனுப்ப விரும்புவோர், படம் என்ற தெரிவை விடுத்து, ‘டொக்யுமென்ட்’ எனப்படும் ஆவணத் தெரிவினூடாக அதே படத்தை எடுத்து அனுப்புதல் வேண்டும். அப்பொழுது வட்ஸ்அப் அதனைத் தொடுவதில்லை. 2022 முதல் 2 கிகாபைட் வரையான கோப்பை அவ்வழியே அனுப்பலாம். இந்த ஒரு சிறு செய்தி எமக்கும் பிள்ளைக்கும் 2019இலே தெரிந்திருந்தால், அம்மாவின் கேள்விக்கு இடமே இருந்திராது.

வயர் வழி

தொலைபேசியிலிருந்து கணனிக்குப் படங்களைக் கொண்டுசெல்ல எல்லாவற்றிலும் நம்பத்தக்க வழி, சார்ஜர் வயரேயாகும். செலவில்லை, இணையம் வேண்டியதில்லை, ஆயிரம் படங்களாயினும் ஒரே முறையிற் சென்றுவிடும். யூ.எஸ்.பி. எனப்படும் இவ்விணைப்பு முறை 1996இலே வெளியானது. இன்டெல் நிறுவனத்திலே பணிபுரிந்த, இந்தியாவிற் பிறந்த அஜய் பட் என்பவர் அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். அதற்கு முன்னர் கணனியின் பின்புறத்திலே அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை என வெவ்வேறு வடிவங்கள் இருந்தன.

வயரை மாட்டியும் கணனியிலே ஒன்றும் தோன்றவில்லை என்போர் பலர். காரணங்கள் இரண்டு. முதலாவது, மலிவான சில வயர்களிலே மின்சாரம் செல்லும் கம்பிகள் மாத்திரமே உள. செய்தி செல்லும் கம்பிகள் இல்லை. அவ்வயர் மின்னேற்றுமேயன்றி ஒரு படத்தையும் கொண்டுசெல்லாது. இரண்டாவது, அன்ட்ரொயிட் தொலைபேசி, பாதுகாப்புக் கருதி, முதலில் மின்னேற்றத்தை மாத்திரம் அனுமதிக்கும். திரையை மேலிருந்து கீழிழுத்து, யூ.எஸ்.பி. பற்றிய அறிவித்தலைத் தொட்டு, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தெரிவுசெய்தல் வேண்டும். பின்னர் கணனியிலே தொலைபேசியின் பெயர் தோன்றும். அதனுள்ளே ‘டி.சி.ஐ.எம்.’ என்னும் கோப்புறையைத் திறந்தால் கமரா எடுத்த மூலப் படங்கள் யாவும் அங்கே இருக்கும். ஐபோனாயின், கணனியை நம்பலாமா என்று அது கேட்கும்பொழுது ‘ஆம்’ எனல் வேண்டும்.

இருபுறமும் திருப்பி மாட்டத்தக்க ‘சி’ வகை முனை 2014இலே வெளியானது. அப்பிள் நிறுவனமும் 2023இலே ஐபோன் 15 தொடக்கம் அதனை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைத்தொலைபேசிகளுக்கு அதனைச் சட்டமாக்கியது. ஆகவே, தரமான ‘சி’ வயரொன்றை வாங்கி வீட்டிலே ஒரு நிலையான இடத்தில் தொங்கவிடுவது நல்ல முதலீடாகும்.

பென்ட்ரைவும் கடையும்

பென்ட்ரைவ் 2000ஆம் ஆண்டளவிலே விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். நிறுவனம் அவ்வாண்டு விற்றதன் கொள்ளளவு 8 மெகாபைட். இன்று எடுக்கும் படங்கள் இரண்டு மூன்றே அதிற் கொள்ளும். எனினும் 1.44 மெகாபைட் மாத்திரம் கொண்ட பிளொப்பித் தட்டோடு ஒப்பிடுகையில் அது அன்று ஓர் அற்புதம். இன்று 64 கிகாபைட் பென்ட்ரைவ் பாடசாலைப் பிள்ளைகளின் பொக்கற்றிலே கிடக்கின்றது.

இதிலே மூன்று செய்திகளை அறிந்திருத்தல் நலம். நீண்ட காணொளியைப் பிரதி செய்யும்பொழுது, இடமிருந்தும் இடமில்லை எனப் பென்ட்ரைவ் மறுப்பதுண்டு. அது ‘எப்.ஏ.ரி. 32’ என்னும் பழைய முறையில் ஒழுங்குசெய்யப்பட்டிருந்தால், 4 கிகாபைட்டை எட்டும் தனிக் கோப்பை ஏற்காது. உள்ளிருப்பதை வேறிடத்திலே வைத்துவிட்டு, ‘எக்ஸ்பற்’ முறையிலே மறுபடி ஒழுங்குசெய்தால் ஏற்கும். அடுத்தது, எழுதி முடியுமுன் பிடுங்குதல் ஆகாது. திரையிலே முடிந்ததாகத் தோன்றினும் கணனி உள்ளே எழுதிக்கொண்டிருக்கலாம். பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டே எடுத்தல் வேண்டும்.

மூன்றாவது வைரஸ். அச்செடுப்பதற்காக நாம் ‘கொமினிகேஷன்’ என்று வழங்கும் கடைக்குப் பென்ட்ரைவைக் கொண்டுபோகின்றோம். அங்குள்ள கணனியிலே நாளொன்றுக்கு எத்தனையோ பேரின் பென்ட்ரைவுகள் ஏறி இறங்குகின்றன. வீடு திரும்பியதும் கோப்புகள் மறைந்து, குறுக்குவழிச் சின்னங்கள் மாத்திரம் நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றை இருமுறை அழுத்துதல் கூடாது. அழுத்தினால் வீட்டுக் கணனியும் நோய்ப்படும். பெரும்பாலான வேளைகளிலே உண்மைக் கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் துப்புரவு செய்தபின் அவற்றை வெளிக்கொணரலாம். கடைக்கென்று தனியாகச் சிறு பென்ட்ரைவ் ஒன்றை வைத்து, அச்செடுக்க வேண்டிய கோப்பை மாத்திரம் அதிலே கொண்டுபோதலே அறிவுடைமை. குடும்பப் படங்களையும் அடையாள அட்டைப் பிரதியையும் வினாத்தாளையும் ஒன்றாய்ச் சுமந்து செல்வது, காணி உறுதியைக் கையிற் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவதை ஒக்கும். கடைக் கணனியிலே வட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், புறப்படுமுன் எமது தொலைபேசியிலுள்ள இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலைப் பார்த்து, அதனை விலக்கிவிட்டே வருதல் வேண்டும்.

வயரில்லா வழிகள்

வயரில்லாமல் அனுப்பும் பழைய வழிகளுள் ஒன்று புளூடூத். சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்திலே 1994இல் அதன் ஆய்வு தொடங்கிற்று. பத்தாம் நூற்றாண்டிலே டென்மார்க்கையும் நோர்வேயையும் ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த ‘நீலப்பல்’ ஹரால்ட் மன்னனின் பெயரே அதற்கு இடப்பட்டது. பிரிந்து கிடந்த கருவிகளை ஒன்றாக்குவதென்பது கருத்து. பெயர் பெரிதாயினும் வேகம் சிறிது. 100 மெகாபைட் காணொளி செல்வதற்கு ஏழு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். ஓரிரு படங்களுக்கும் ஒலிப்பதிவுக்கும் அது போதும். திருமணக் காணொளிக்கு ஆகாது.

இக்காலத்து முறைகள், ஒருவரையொருவர் கண்டுகொள்ளப் புளூடூத்தையும், கோப்பைக் கொண்டுசெல்ல வைபையையும் கையாளுகின்றன. அப்பிள் கருவிகளுக்கிடையே 2011 முதல் ‘எயார்ட்ரொப்’ உண்டு. அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு கூகுள் 2020இலே கொண்டுவந்த முறையும், சம்சுங்கின் முறையும் 2024 ஜனவரியிலே ஒன்றாக இணைக்கப்பட்டு ‘குயிக் ஷெயார்’ எனப் பெயர் பெற்றன. வின்டோஸ் கணனியிலும் அதனை நிறுவிக்கொள்ளலாம். தொலைபேசியிலிருந்து மடிக்கணனிக்கு நூறு படங்கள் சில நிமிடங்களிற் போய்விடும். ஐபோனுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் இடையே நெடுங்காலம் சுவரொன்று நின்றது. 2025 நவெம்பரிலே கூகுள் தனது பிக்சல் 10 வகைத் தொலைபேசிகளிலிருந்து எயார்ட்ரொப்போடு பரிமாற வழி திறந்தமையால் அச்சுவரிலே ஒரு வாசல் உண்டாயிற்று.

மற்றையோர் கவலைப்பட வேண்டியதில்லை. ‘லோக்கல்சென்ட்’ என்னும் செயலி இலவசமானது. அதன் மூலநிரலும் எவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஐபோன், அன்ட்ரொயிட், வின்டோஸ், மக், லினக்ஸ் ஆகிய யாவற்றிலும் அது இயங்கும். அனுப்புகின்றவரும் பெறுகின்றவரும் ஒரே வைபையிலே இருந்தாற் போதும். கோப்பு இணையத்துக்குச் செல்லாமல் வீட்டுக்குள்ளேயே கைமாறும். வீட்டிலே வைபை இல்லையெனில், ஒரு தொலைபேசியிலே ‘ஹொட்ஸ்பொட்’ திறந்து மற்றதை அதிலே சேர்க்கலாம். கணனி தன்பாட்டில் எதையேனும் இறக்கிக்கொள்ளாதிருக்க, அவ்வேளையிலே டேற்றாவை நிறுத்திவிட்டாற் காசும் செலவாகாது.

ஓர் எச்சரிக்கை. பெறும் வாசலை எல்லாருக்கும் எந்நேரமும் திறந்துவைத்தல் கூடாது. பஸ்ஸிலே அருகிருக்கும் அந்நியர் வேண்டாத படங்களை அனுப்ப அது இடந்தரும். எமது தொடர்பிலுள்ளோருக்கு மாத்திரம் என்று அமைத்து, தேவைப்படும்போது சில நிமிடம் திறந்து மூடுவதே ஒழுங்கு. வளர்ந்த பெண்பிள்ளைகளின் தொலைபேசிகளிலே இதனைப் பெற்றோர் கவனித்து அமைத்துக் கொடுத்தல் நன்று.

இணையக் களஞ்சியம்

தூரத்திலுள்ளோருக்கு அனுப்பவும், வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வைக்கவும் இணையக் களஞ்சியமே தகுந்தது. ஜீமெயிலிலே 25 மெகாபைட்டுக்கு மேற்பட்டதை மடலோடு இணைக்க முடியாது. களஞ்சியத்திலே வைத்து இணைப்பு முகவரியை அனுப்புதல் வேண்டும். கூகுள் கணக்கொன்றுக்கு 15 கிகாபைட் இலவசம். மடல்கள், படங்கள், கோப்புகள் யாவும் அதனுள் அடக்கம். அப்பிளின் களஞ்சியத்திலே 5 கிகாபைட் இலவசம். கூகுளிலே ‘இடம் சேமிக்கும்’ தெரிவு படத்தைச் சுருக்கும். மூலம் வேண்டுவோர் ‘மூலத் தரம்’ என்பதையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

பலர் தவறுமிடம் ஒன்று உண்டு. களஞ்சியமும் தொலைபேசியும் ஒத்தியங்குபவை. தொலைபேசியிலே இடமில்லையென்று படத்தை அழித்தால், களஞ்சியத்திலிருந்தும் அது அழியக்கூடும். கூகுளிலே காப்பெடுத்த படம் குப்பைக்கூடையில் 60 நாளும், அப்பிளிலே 30 நாளும் தங்கும்; பின்னர் மீளாது. ஆதலால் களஞ்சியத்திலே இருக்கின்றதென்று நம்பி மற்றப் பிரதியை அழித்துவிடாதீர்கள்.

கோப்புச் சென்றும் எழுத்துச் செல்லாமை

நம் நாட்டுத் தமிழ் ஆசிரியர்களுக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. வினாத்தாளைப் ‘பாமினி’ எழுத்துருவிலே அமைத்து, வேறொரு கணனிக்குக் கொண்டுசெல்வோம். அங்கே அவ்வெழுத்துரு இல்லையெனில், ‘அம்மா’ என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். கோப்புப் பழுதாகவில்லை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் முறை. போர்வை வராதபோது உள்ளிருப்பது வெளித்தெரிகின்றது. இதற்கு மருந்து இரண்டு. இனி எழுதுவதை யுனிகோட் முறையிலே எழுதுதல் ஒன்று. அதிலே தமிழ் எழுத்துகளுக்கு 1991 முதலே தனியிடம் உண்டு. மற்றது, அச்சுக்கு அனுப்புவதைப் பி.டி.எப். ஆக மாற்றி அனுப்புதல். எழுத்துருவைத் தன்னுள்ளே சுமந்து செல்லுமாதலின், அது எக்கருவியிலும் ஒரே தோற்றம் தரும்.

படங்களிலும் இவ்வாறான இடர் உண்டு. 2017 முதல் ஐபோன்கள் ‘எச்.ஈ.ஐ.சி.’ என்னும் வகையிலே படங்களைச் சேமிக்கின்றன. சில கணனிகள் அதனைத் திறக்கமாட்டா. ஐபோனின் அமைப்பிலே கமராவுக்குரிய பகுதியிற் சென்று, யாவற்றுக்கும் பொருந்தும் வகையைத் தெரிவுசெய்தால், அதன்பின் எடுக்கும் படங்கள் எங்கும் திறக்கும்.

மீட்டெடுத்த குரல்

2023இலே தந்தையாரின் ஆண்டுத் திவசம் நெருங்குகையில், அவர்களுடைய பழைய தொலைபேசியை லாச்சியிலிருந்து எடுத்தோம். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்த காலத்தைப் பற்றி அக்காவின் மகனுக்கு அவர்கள் சொல்ல, அவன் பாடசாலை ஒப்படைக்காக அதே தொலைபேசியிற் பதிந்த ஒலிப்பதிவு அதிலே இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம். தொலைபேசி உயிரோடிருந்தது, திரையின் கீழ்ப்பாதியோ தொடுகையை உணரவில்லை. கடவு எண்ணை அழுத்த வழியில்லை. அதனால் வயர் மாட்டியும் பயனில்லை.

எமது மாணவனொருவன் வந்து, ‘ஓ.ரி.ஜி.’ என்னும் சிறு இணைப்பானொன்றைத் தொலைபேசியிலே சொருகி, அதிலே கணனியின் சுட்டியை மாட்டினான். திரையிலே அம்புக்குறியொன்று எழுந்தது. அதனால் எண்களை அழுத்தித் திறந்தான். ஒலிப்பதிவை உள்ளிருந்த மெமரி காட்டுக்குப் பிரதி செய்து, காட்டைக் கழற்றிக் கணனியிலே இட்டான்.

அடுத்து அவன் செய்ததை நாம் மறவோம். “சேர், இன்னும் ஒண்டையும் அழிக்கவேண்டாம்” என்றான். தொலைபேசியிலுள்ள கோப்பின் அளவையும் கணனியிலுள்ளதன் அளவையும் ஒப்பிட்டான். தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தான். அதன்பின்னரே ‘சரி’ என்றான். வெட்டி ஒட்டாமற் பிரதி செய்தலும், அளவு பார்த்தலும், திறந்து பார்த்தலுமாகிய இம்மூன்றையும் நாம் அவனிடமே கற்றோம். ஆசிரியர் மாணவனாவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று மாலை அதனை அம்மாவுக்குக் கேட்பித்தோம். துலாவிலே நடக்கும்போது பாடும் பாட்டை நினைவுகூர முயன்று, வராமல் அவர்கள் சிரிக்கும் இடமொன்று உண்டு. அம்மாவும் சிரித்தார். படத்திலே தெரியாத கண்கள் அக்குரலிலே திறந்திருந்தன.

ஒன்று போதாது

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. வேறிடத்திலே பிரதியிருந்தவற்றை மீளப் பெற முடிந்தது. பிரதியில்லாதவை போனவை போனவையே. அப்பேரிழப்போடு ஒரு குடும்பத்தின் இழப்பை ஒப்பிடுவதற்கில்லை. ஆயினும் படிப்பினை ஒன்றே. பீற்றர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எளிய விதியொன்றை நூலிலே எழுதிப் பரப்பினார். அரியவற்றுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களிலே இருத்தல் வேண்டும். ஒன்றாவது வேறிடத்திலே இருத்தல் வேண்டும். தொலைபேசியில் ஒன்று, வீட்டுக் கணனியில் ஒன்று, இணையக் களஞ்சியத்திலோ அக்கா வீட்டிலுள்ள பென்ட்ரைவிலோ ஒன்று என்றால் விதி நிறைவேறிவிடும்.

வாசகர்களிடம் எமது வேண்டுகோள் பெரிதன்று. இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளும் வீட்டிலிருப்பர். பெற்றோர், பேரன், பேர்த்தி ஆகியோரின் நல்ல படமொன்றைத் தேடுங்கள். அது எவர் தொலைபேசியாலே எடுக்கப்பட்டதோ அவரைக் கேட்டு, மூலத்தை ஆவணமாக அனுப்பச் செய்யுங்கள், அல்லது வயரால் எடுங்கள். வந்ததைப் பெருப்பித்து முகத்தைப் பாருங்கள். கண் திறந்திருக்கின்றதா, மூடியிருக்கின்றதா என்று தெரிந்தாற் படம் போய்ச் சேர்ந்தது. அதன்பின்னர் பழைய தொலைபேசியை விற்பதோ கொடுப்பதோ உங்கள் விருப்பம்.